நம்பிக்கையை எவ்வளவு கொடுக்கலாம்?

2002-ல் டாம் ஐசக்ஸ் என்ற ஆங்கிலேயர் பிரிட்டனின் கடற்கரையைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். 4,500 மைல். கிலோமீட்டரில் 7,200-க்கு மேல். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு நடந்துபோய், மறுபடி நடந்தே திரும்பி வருகிற தூரம். முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அவருக்கு இருபதுகளிலேயே பார்க்கின்சன் நோய் வந்திருந்தது. கால் தரையோடு ஒட்டிக்கொள்வதும் எடுத்த அடி பாதியில் நிற்பதும் அந்த நோயின் குணம். நடையையே பறிக்கிற ஒரு நோய்க்காக அவர் நடந்து பணம் திரட்டினார்.

2005-ல் அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து 'க்யூர் பார்க்கின்சன்ஸ் ட்ரஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நான்கு பேருக்குமே பார்க்கின்சன். அமைப்பின் பெயரிலேயே 'குணமாக்கு' என்ற சொல் இருக்கிறது. ஆறுதல், பராமரிப்பு எல்லாம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், எங்களுக்கு இந்த நோய் போக வேண்டும் என்ற பிடிவாதம் அந்தப் பெயரில் தெரிகிறது. ஐசக்ஸ் 2017 மே மாதம் இறந்தார். வயது 49. அவர் நடந்து தேடிய மருந்து அன்றைக்கு வந்திருக்கவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அப்போ, அந்த நடைக்குக் காசு போட்டவர்கள் எதை வாங்கினார்கள்? 'மருந்து கண்டுபிடிக்க உதவுங்கள்' என்று உண்டியலை நீட்டுகிறவர் உண்மையில் என்ன வாக்குக் கொடுக்கிறார்? ஒரு நோயாளியிடமோ அவருடைய பிள்ளைகளிடமோ எவ்வளவு நம்பிக்கையைக் கொடுத்துப் பணம் கேட்பது நியாயம்? எந்த அளவைத் தாண்டினால் அது ஏமாற்று?

எந்தத் தீராத நோய்க்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஆனால் பார்க்கின்சனில் இதற்கு ஒரு விசேஷமான முடிச்சு இருக்கிறது. இந்த நோயில் நம்பிக்கை என்பது மனநிலை மட்டும் கிடையாது. உடம்புக்குள் ரசாயனமாகவே அது வேலை செய்கிறது. அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

*

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817-ல் ஆறு பேரைப் பற்றி எழுதிய சிறு நூலில்தான் இந்த நோய் முதன்முதலாகத் தெளிவாக விவரிக்கப்பட்டது. அந்த ஆறு பேரில் சிலரை அவர் தெருவில்தான் பார்த்திருந்தார். கை நடுங்குகிறது, உடம்பு முன்னால் சாய்கிறது, நடை ஓட்டமாகிவிடுகிறது. ஏன் என்று அவருக்குத் தெரியாது. மூளையில் டோபமின் குறைவதுதான் விஷயம் என்று புரிய 1960 ஆனது. நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் டோபமின் தயாரிக்கும் செல்கள் செத்துக்கொண்டே வருகின்றன. கை நடுங்க ஆரம்பிக்கும்போது அவற்றில் பெரும்பங்கு ஏற்கனவே போயிருக்கும்.

இதற்கு ஒரு மாத்திரை இருக்கிறது. லெவோடோபா. மூளைக்குள் போய் டோபமினாக மாறும். இந்தக் கதையில் நம் ஊருக்கும் ஒரு வரி உண்டு. 1937-ல் சென்னையில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்துக் கட்டுரை எழுதினார்கள். அப்போது அது ஒரு அமினோ அமிலம், அவ்வளவுதான். எதற்கு மருந்து என்று யாருக்கும் தெரியாது. 1950களின் இறுதியில் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்ததால் அசையாமல் கிடந்த முயல்களை லெவோடோபா போட்டு எழுப்பிக் காட்டினார். அந்த ரெசர்பினும் நம் சர்ப்பகந்தா வேரில் இருப்பதுதான். 1960-ல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் வற்றியிருப்பதைக் கண்டார். 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் அளவை மெல்ல மெல்ல ஏற்றி, முடங்கிக் கிடந்தவர்களை நடக்கவைத்தார். சென்னையில் விதையிலிருந்து எடுத்ததற்கும் இதற்கும் இடையில் முப்பது வருடம். மருந்து முன்பே இருந்தது, அதற்கான கேள்விதான் வந்துசேரவில்லை.

ஆனால் லெவோடோபா நோயைக் குணமாக்குவதில்லை. தீர்ந்துபோகிற சரக்கை வெளியிலிருந்து நிரப்புகிறது. செல்கள் சாவது பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். வருடங்கள் போகப்போக மாத்திரையின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் உடம்பு தானாக முறுக்கிக்கொண்டு ஆடவும் செய்யும். 'க்யூர்' என்று பணம் கேட்பவர்கள் கேட்பது இதைத் தாண்டிய ஒன்றை. செல்கள் சாவதை நிறுத்த வேண்டும், முடிந்தால் செத்தவற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அப்படி ஒன்று இதுவரை யாரிடமும் இல்லை.

*

மென்பொருள் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் 'எப்ப முடியும்?' என்ற கேள்வி பழக்கம். பதில் தெரியாவிட்டாலும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். 'ரெண்டு வாரம்' என்போம். ரெண்டு வாரம் கழித்துக் கேட்டால் மறுபடி ரெண்டு வாரம். பார்க்கின்சன் உலகில் இதற்கு இணையான வாக்கியம் 'இன்னும் அஞ்சு வருஷத்துல வந்துடும்'. பல பத்தாண்டுகளாக நோயாளிகள் இதைக் கேட்டுவருகிறார்கள். சொன்னவர்கள் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. 1967-ல் அந்த அற்புதத்தைப் பார்த்தவர்களுக்கு அடுத்தது பக்கத்தில்தான் இருக்கிறது என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்டெல் நிறுவனத்தை வழிநடத்திய ஆண்டி க்ரோவுக்கு 2000-ல் பார்க்கின்சன் என்று தெரியவந்தது. பொறியாளர் ஆயிற்றே, இந்த மாதிரிக் கணக்கெல்லாம் அவருக்குப் பொறுக்கவில்லை. சிப்பின் திறன் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, மருந்து ஆராய்ச்சி ஏன் இப்படி ஊர்கிறது என்று 2007-ல் வெளிப்படையாகச் சாடினார். மருந்து வேதியியலாளர் டெரெக் லோ அதற்குச் சொன்ன மறுப்பு புகழ்பெற்றது. சிப்பை வடிவமைத்தது மனிதர்கள், உயிரணுவை நாம் வடிவமைக்கவில்லை. எங்கள் மொழியில் சொன்னால், ஒரு வரி ஆவணம்கூட இல்லாத, எழுதியவரைக் கேட்க முடியாத, நிறுத்திவைத்துத் திருத்தவும் முடியாத ஒரு நிரல் அது. க்ரோவின் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது. தோல்வியடைந்த சோதனைகளிலிருந்து மருந்துத் துறை போதுமான அளவு கற்றுக்கொள்வதில்லை என்றார். அவர் தன் பணத்தையும் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். 2016-ல் இறந்தார்.

பணம் கேட்பதில் இன்னொரு பக்கமும் உண்டு. நம்பிக்கையைக் காட்டிக் கேட்பது ஒன்று என்றால், உடம்பைக் காட்டிக் கேட்பது மற்றொன்று. நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-ல் நோய் கண்டறியப்பட்டது, அப்போது வயது 29. ஏழு வருடம் மறைத்து வைத்திருந்தார். 1999-ல் அமெரிக்க செனட் குழுவின் முன்னால் ஆராய்ச்சி நிதி கேட்டுப் பேசப்போனபோது, நோய் எப்படியிருக்கும் என்று அவர்கள் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே மாத்திரை போடாமல் போனார். அதை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். 2006-ல் ஒரு தேர்தல் விளம்பரத்தில் அவர் உடம்பு ஆடியதைப் பார்த்து, வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா 'நடிக்கிறார், இல்லையென்றால் மருந்து போடாமல் வந்திருக்கிறார்' என்று கேலி செய்தார். அந்த ஆட்டம் மருந்து போட்டதால் வருவது. நடுக்கம் தெரிந்தால் நாடகம், தெரியாவிட்டால் 'நல்லாத்தானே இருக்கார்'. நோயாளி தன் நோயை எந்த அளவில் காட்டினால் நாம் நம்புவோம்?

ஃபாக்ஸ் 2000-ல் தொடங்கிய அறக்கட்டளை இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கிறது. நிறைய ஓட்டங்கள், நடைகள், பிறந்தநாள் காசுகள் அதில் சேர்ந்திருக்கின்றன.

*

இப்போது அந்த முடிச்சுக்கு வருவோம்.

2001-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் ஆய்வு நடந்தது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ப்ளேசிபோ கொடுத்து, அதாவது மருந்தே இல்லாத உப்புநீரைக் கொடுத்து, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மருந்து வரப்போகிறது என்று எதிர்பார்த்தவர்களின் மூளையில் டோபமின் நிஜமாகவே சுரந்தது. அந்த நோயில் எது வற்றுகிறதோ அதேதான். வேறு நோய்களில் ப்ளேசிபோவால் 'நல்லாயிருக்கு' என்று தோன்றலாம். இங்கே எதிர்பார்ப்பே கொஞ்ச நேரத்துக்கு மருந்தாகிவிடுகிறது.

2010-ல் அதே ஊர்க்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். உங்களுக்கு உண்மையான மருந்து கிடைக்கும் வாய்ப்பு 25 சதவீதம், 50 சதவீதம், 75 சதவீதம், 100 சதவீதம் என்று நான்கு குழுக்களிடம் நான்கு விதமாகச் சொன்னார்கள். கொடுத்தது எல்லோருக்கும் வெறும் ப்ளேசிபோ. 75 சதவீதம் என்று கேட்டவர்களிடம்தான் குறிப்பிடத்தக்க டோபமின் சுரப்பு இருந்தது. 2015-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் 12 பேருக்கு இரண்டு ஊசிகள் போட்டார்கள். ஒன்று 100 டாலர், இன்னொன்று 1,500 டாலர் என்று சொல்லி. இரண்டும் உப்புநீர்தான். 'விலை அதிகமான' உப்புநீர் கூடுதலாக வேலை செய்தது!

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இதன் விளைவு கொடுமையானது. புதிய மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு ப்ளேசிபோவும் கொடுத்து ஒப்பிட வேண்டும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக்கூடாது, மருத்துவருக்கும் தெரியக்கூடாது. ப்ளேசிபோ குழுவும் நன்றாகத் தேறிவிட்டால் வித்தியாசம் தெரியாமல் போகும். வெறும் நம்பிக்கையால் வந்த முன்னேற்றத்தை மருந்தின் வேலை என்று நினைத்து ஏமாறலாம், வேலை செய்கிற மருந்தைத் தூக்கியும் எறியலாம்.

உண்டியலை நிரப்புவது நம்பிக்கை. அந்த உண்டியல் காசில் நடக்கும் சோதனையைக் குழப்புவதும் அதே நம்பிக்கை. 'திருப்புமுனை', 'அதிசய மருந்து' என்று எவ்வளவு உரக்கச் சொல்லிப் பணம் திரட்டுகிறோமோ, அவ்வளவுக்கு அந்த மருந்தைச் சோதிப்பது கடினமாகிறது.

*

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு மருந்தின் கதை போதும். ஜிடிஎன்எஃப் என்பது டோபமின் செல்களைப் பேணி வளர்க்கிற ஒரு புரதம். மாத்திரையாகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது. மண்டையில் துளை போட்டு, குழாய் வழியாக நேரடியாக மூளைக்குள் செலுத்த வேண்டும். 2003-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஐந்து பேருக்குக் கொடுத்ததில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அதில் ஒப்பிட்டுப் பார்க்க ப்ளேசிபோ குழு கிடையாது. பிறகு மருந்தின் உரிமையை வைத்திருந்த அம்ஜென் நிறுவனம் 34 பேரிடம் முறையான சோதனை நடத்தியது. ஆறு மாதத்தில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. குரங்குகளிடம் நடந்த ஆய்வில் சிறுமூளைப் பாதிப்பும் தெரிந்தது. 2004-ல் நிறுவனம் எல்லோருக்கும் மருந்தை நிறுத்திவிட்டது.

சோதனையில் இருந்த சிலர் நீதிமன்றம் போனார்கள். எங்களுக்கு இது வேலை செய்கிறது, ஆபத்து தெரிந்தேதான் கேட்கிறோம், திரும்பக் கொடுங்கள் என்றார்கள். 2005-ல் அமெரிக்க நீதிமன்றங்கள் மறுத்தன. மருந்தைத் தொடர்ந்து தருவதாக நிறுவனம் உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை, நிறுத்த அதற்கு உரிமை உண்டு என்பதுதான் சாரம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த நோயாளியின் இடத்தில் நின்று பாருங்கள். மண்டையில் துளை போட ஒப்புக்கொண்டவரிடம் 'நமக்குள் ஒப்பந்தம் எதுவும் இல்லை' என்கிறார்கள்.

கதை அங்கே முடியவில்லை. பிரிஸ்டலிலேயே மறுபடி ஒரு சோதனை நடந்தது. நோயாளிகளுக்கான அமைப்பான பார்க்கின்சன்ஸ் யூகே திரட்டிய பணமும் ஐசக்ஸின் அமைப்பின் ஆதரவும் அதன் பின்னால் இருந்தன. மொத்தம் 41 பேர். காதுக்குப் பின்னால் எலும்பில் பொருத்திய ஒரு துறை வழியாக நான்கு நுண்குழாய்கள் மூளைக்குள் போகும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவார்கள். முதல் ஒன்பது மாதம் சிலருக்கு மருந்து, சிலருக்கு ப்ளேசிபோ. மருந்தில்லாத திரவத்துக்காகவும் மண்டையில் அறுவை! இது சரியா என்று 1990களின் இறுதியிலிருந்தே மருத்துவ அறவியலாளர்கள் மோதிக்கொண்டிருக்கிறார்கள். ரூத் மக்லின் போன்றவர்கள் இப்படிப்பட்ட பொய் அறுவைகளைக் கடுமையாக எதிர்த்தார்கள். மேலே சொன்ன வான்கூவர் ஆய்வுகளைப் படித்த பிறகு, அது இல்லாமல் உண்மை தெரியவும் வழியில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

2019-ல் முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்களின் இயக்க மதிப்பெண் சராசரியாக 17.3 சதவீதம் தேறியிருந்தது, ப்ளேசிபோ பெற்றவர்களுடையது 11.8 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. ஆனால் ஸ்கேனில் மருந்து பெற்றவர்களின் மூளையில் மட்டும் மாற்றம் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த ஒன்பது மாதம் எல்லோருக்கும் மருந்து கொடுத்தபோது இரு குழுவும் சுமார் 27 சதவீதம் தேறின. அது மருந்தா, காலமா, நம்பிக்கையா? ஒப்பிட யாரும் மிச்சமில்லாத அந்த ஒன்பது மாதத்தை வைத்துச் சொல்ல முடியாது. கலந்துகொண்டவர்களில் சிலர் தங்களுக்கு அது வாழ்க்கையை மாற்றியது என்றே இன்றும் சொல்கிறார்கள். அறிவியலின் விடை: நிரூபிக்கப்படவில்லை.

*

இந்த இடத்தில் நாம் சுலபமாக எடுக்கக்கூடிய ஒரு முடிவு உண்டு. நம்பிக்கையே வேண்டாம், உள்ளதை உள்ளபடி சொல்வோம், கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். கேட்க நேர்மையாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்பவர் பெரும்பாலும் கை நடுங்காதவராகத்தான் இருப்பார்.

நான் இரண்டு நம்பிக்கைகளைப் பிரித்துப் பார்க்கிறேன். 'எனக்குச் சரியாகும்' என்பது ஒன்று. 'இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும்' என்பது இன்னொன்று. முதலாவது உடையக்கூடியது. அதை எளிதில் திருடவும் முடியும். நம் ஊரில் ஸ்டெம் செல் போட்டு நரம்பு நோயைக் குணமாக்குவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் இடங்கள் பிழைப்பதே அதை வைத்துத்தான். ரத்த நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர மற்றதெல்லாம் பரிசோதனை நிலையில்தான் உள்ளது, அவற்றைச் சிகிச்சையாக விற்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை சொல்கிறது. ஆனாலும் நிலத்தை விற்றாவது அப்பாவுக்குப் பண்ணிடலாம் என்று பிள்ளைகள் கிளம்பத்தான் செய்கிறார்கள். 1,500 டாலர் உப்புநீர் ஏன் கூடுதலாக வேலை செய்தது என்று தெரிந்தவர்களுக்கு, அங்கே போய்வந்தவர் 'கொஞ்சம் பரவாயில்ல' என்று சொல்வதும் ஆச்சரியமாக இருக்காது.

இரண்டாவது நம்பிக்கை தோல்வியில் சாகாது. 'இல்லை' என்பதும் ஒரு பதில்தானே. ஆனால் இதை நோயாளியிடம் எதிர்பார்ப்பது கொடூரம். 'உங்களுக்குக் கிடைக்காவிட்டால் என்ன, வருங்காலத் தலைமுறைக்குக் கிடைக்குமே' என்று ஒரு நோயாளியிடம் சொல்கிற தகுதி நமக்கு ஏது? அவரே சொன்னால் தலைவணங்கலாம். நாம் சொன்னால் அது அவர் தோளில் இன்னொரு சுமை.

ஆகவே என் கட்சி இது: முதல் நம்பிக்கை நோயாளியின் உரிமை, இரண்டாவது நம்பிக்கை நம் கடமை. பணம் கொடுப்பவர்கள், திரட்டுபவர்கள், ஆய்வு செய்பவர்கள், கூட ஓடுகிற நண்பர்கள் என எல்லோரும் 'பதில் கிடைக்கும்' என்ற நம்பிக்கையைச் சுமக்க வேண்டும். அப்போதுதான் அவர் 'எனக்குச் சரியாகும்' என்பதை வைத்துக்கொள்ளவோ, கீழே வைக்கவோ சுதந்திரமாக இருப்பார். பணத்துக்காக அவருடைய நம்பிக்கையை நாம் ஊதிப் பெரிதாக்கத் தேவையிருக்காது.

இதிலிருந்து சில கடன்கள் வருகின்றன. முதலாவது, தேதி சொல்லாமல் இருப்பது. 'அஞ்சு வருஷம்' என்ற வாக்கியத்தைப் பணம் கேட்கும் எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடலாம். என்ன கேள்விக்கு விடை தேடப்போகிறோம் என்று சொல்லிக் கேட்கலாம். கொஞ்சம் குறைவாகத்தான் வசூலாகும், ஆகட்டும்.

அடுத்தது, செய்தியைத் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பது. காசு போட்டவருக்கும் மண்டையைக் கொடுத்தவருக்கும் முடிவு என்ன ஆனது என்று தெரிய வேண்டும், தோற்றிருந்தால் அவசியம் தெரிய வேண்டும். தோல்வியும் அவர்கள் பணத்தில் வாங்கியதுதான். நீதிமன்றம் சொன்னபடி இங்கே ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றால் இது கொடை என்று அர்த்தம். கொடுத்தவர் கைம்மாறு கருதாமல் கொடுத்தாரே என்பதற்காக வாங்கியவரின் கடன் தீர்ந்துவிடுமா?

மூன்றாவது கொஞ்சம் உறுத்தலானது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி 2019-ல் உலகில் 85 லட்சம் பேருக்கு மேல் பார்க்கின்சனோடு வாழ்ந்தார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் லெவோடோபாவே கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வாங்க முடிவதில்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. 1967-ல் எழுந்து நடந்தார்களே, அந்த மாத்திரைதான். இல்லாத மருந்துக்காக நாம் மாரத்தான் ஓடுகிறோம், இருக்கிற மருந்து ஒரு கிராமத்துக்குப் போய்ச்சேரவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றில்லை. ஆனால் 'க்யூர்' என்ற சொல்லின் வெளிச்சத்தில் மாத்திரை கிடைக்காதவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார். மருந்துக்காகத் திரட்டுகிற எந்த இயக்கமும் அவரை மறக்காமல் இருக்கக் கடமைப்பட்டிருக்கிறது. நாளைக்கே அந்தப் புதிய மருந்து வந்தாலும், அதுவும் கடைசியாக வந்துசேரப்போவது அவர் வீட்டுக்குத்தான்.

*

ஐசக்ஸின் அமைப்பு ஆரம்பத்திலிருந்தே தூக்கிப்பிடித்த மருந்துகளில் ஒன்று எக்சனடைட். சர்க்கரை நோய்க்கு ஏற்கனவே புழக்கத்தில் இருந்த ஊசி. பார்க்கின்சனின் வேகத்தை அது குறைக்குமா என்பது கேள்வி. 2017 ஆகஸ்டில் சுமார் 60 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தபோது, குறைக்கலாம் என்று தெரிந்தது. ஐசக்ஸ் இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நல்ல செய்தி அவருக்குக் கிடைக்கவில்லை. பிறகு 194 பேரிடம் 96 வாரம் பெரிய சோதனை நடத்தினார்கள். 2025 பிப்ரவரியில் முடிவு வந்தது. ப்ளேசிபோவைவிட எந்த வகையிலும் மேல் இல்லை. அந்தக் கெட்ட செய்தியும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அப்போ அந்த 4,500 மைல் வீணா? தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் ஒரு பதில் சொல்ல முடிகிறது. 'எக்சனடைட் வேலை செய்யுமா?' என்று எத்தனையோ பேர் இன்னும் பல வருடம் ஏங்கிக்கொண்டிருந்திருப்பார்கள், எங்காவது ஒரு கிளினிக்கில் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டும் இருந்திருப்பார்கள். இப்போது தெரியும். 194 பேர் இரண்டு வருடம் ஊசி குத்திக்கொண்டு நம் எல்லோருக்குமாகத் தெரிந்துகொண்டது அது.

ஃபாக்ஸின் அறக்கட்டளை 2010-ல் தொடங்கிய நீண்டகால ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முதுகுத்தண்டு நீரைக் கொடுத்தார்கள். நோய் இல்லாதவர்களும் அதில் இருந்தார்கள். 2023-ல் அதிலிருந்து ஒரு பரிசோதனைமுறை உறுதிப்பட்டது. கோளாறாக மடிந்த ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதத்தை அந்த நீரில் கண்டுபிடிக்கிற முறை. பார்க்கின்சன் உள்ளவர்களில் ஏறக்குறைய 88 சதவீதத்தினரிடம் அது சரியாகக் காட்டியது. இது மருந்து இல்லை. ஆனால் நடுங்கும் கையைப் பார்த்து மதிப்பெண் போடுவதற்குப் பதிலாக, நோயையே பார்க்க ஒரு வழி. புரதம் நம்பிக்கைக்கு மயங்காது. எங்கள் தொழிலில் பிழையைத் திருத்துவதற்கு முன்னால் அதைப் பார்க்க முடிய வேண்டும் என்பது பாலபாடம். 200 வருடம் கழித்து இந்த நோயில் அந்தப் பாடம் தொடங்கியிருக்கிறது.

பிரிட்டனில் இப்போது ஆக்ட்-பிடி என்ற பெயரில் வேறு மாதிரிச் சோதனை ஒன்றை வடிவமைத்திருக்கிறார்கள். பல மருந்துகளை ஒரே நேரத்தில் சோதிப்பார்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ப்ளேசிபோ குழு. அதனால் சேர்கிறவருக்கு உண்மையான மருந்து கிடைக்கும் வாய்ப்பு பாதியைவிட அதிகம். வேலை செய்யாத மருந்தை எடுத்துவிட்டு அடுத்ததைச் சேர்ப்பார்கள், சோதனை நிற்காமல் ஓடும். இந்த வடிவமைப்பில் நோயாளிகளும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். முதலில் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று டெல்மிசார்டன். ஆமாம், நம் வீட்டுப் பெரியவர்கள் பலரின் மாத்திரை டப்பாவில் பிரஷருக்கு இருக்கிற அதே டெல்மிசார்டன்தான். பூனைக்காலி விதை மாதிரி, கேள்வி வந்துசேராமல் இதுவும் நம் வீட்டிலேயே கிடந்ததோ என்னவோ. அல்லது எக்சனடைட் மாதிரி 'இல்லை' என்ற பதிலோடு முடியலாம். பதில் வரும்வரை பார்க்கின்சனுக்கென்று யாரும் அதைப் போட வேண்டியதில்லை.

அந்தப் பதிலுக்கு யாராவது காசு கேட்டு வந்தால், எவ்வளவு நாளில் வரும் என்று நான் அவரைக் கேட்கமாட்டேன். வந்ததும் எல்லோருக்கும் சொல்வீர்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டு கொடுப்பேன்.